யோகினிகள்: கேட்டதும் சொன்னதும்

காரிமங்கலம்: ஐயா, யோகினி என்பது பேயா, அம்மனா?

அம்மன்தான். ஆனால் ஒற்றை அம்மன் இல்லை, ஒரு கூட்டம். பைரவரை நடுவில் வைத்து வட்டமாகச் சூழ்ந்திருப்பார்கள். ஒடிசாவில், புவனேஸ்வரம் பக்கத்து ஹீராப்பூர் கோயிலுக்குக் கூரையே கிடையாது. ஒரு வட்டச் சுவர், குனிந்து நுழையும் வாசல், உள்ளே மாடத்துக்கு ஒருத்தியாகச் சின்னச் சின்னக் கறுப்புக் கல் உருவங்கள். யானை முகத்துக்காரி ஒருத்தி கழுதைமேல் நிற்கிறாள்! வானிலிருந்து பறந்து இறங்குகிறவர்களுக்குக் கூரை எதற்கு என்பார்கள். 9ஆம் நூற்றாண்டுக் கோயில், ஆய்வாளர் கண்ணில் பட்டது 1953இல்.

ஓசூர்: யோகினிகள் 64 பேர் என்கிறார்களே, அது எந்தக் கணக்கு?

எட்டு மாத்ருகைகள், அதாவது தாய்த் தெய்வங்களான மாதர்; ஆளுக்கு எட்டு யோகினிகள். எல்லா ஊரிலும் அதே கணக்கு இல்லை. ஜபல்பூர் பக்கம் பேடாகாட்டு யோகினி கோயிலில் 81 இடங்கள். லலிதா சகஸ்ரநாமமோ 64 கோடி என்கிறது.

ஊத்தங்கரை: 48 நாளில் யோகினி வசியம் என்று வீடியோவில் சொல்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். யோகினி வழிபாட்டுக்குரிய கௌலம் என்ற தாந்திரிக மரபில் குருவும் தீட்சையும் இல்லாமல் மந்திரமே இல்லை. ஜிபே நம்பர் கொடுப்பவர் குரு இல்லை.

பாலக்கோடு: எங்கள் ஏரிக்கரை ஏழு கன்னிமாரும் யோகினிகள்தானே?

உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பிராமி முதல் சாமுண்டி வரையான சப்தமாதர்தான் நம் கன்னிமார் என்பார்கள். யோகினிக் கூட்டமும் அந்த மாதர் வழியில் கிளைத்ததுதான். ஆனால் ஏரிக்கரையில் மஞ்சள் பூசிய ஏழு கல்லுக்கு முன்னால் பொங்கல் வைப்பவர் கேட்பது மழையும் பிள்ளையும். யோகினி சக்கரத்தில், அதாவது வட்டமாக அமர்ந்து செய்யும் பூஜையில், உட்கார்ந்தவர் தேடியது சித்தி என்னும் அபூர்வ ஆற்றல்.

அரூர்: அப்படியென்றால் எங்கள் சாமி மட்டமா?

யார் சொன்னது? எனக்கும் குலதெய்வம் கன்னிமார்தான்.

பாலக்கோடு: எட்டு மாதர் என்றீர்கள், இப்போது ஏழு என்கிறீர்கள்!

நல்ல பிடி. ஏழோடு மகாலட்சுமியைச் சேர்த்து எட்டாக்கும் பட்டியல்கள் உண்டு. 64 வருவது அந்த எட்டில்தான். நம் கரையில் ஏழோடு நின்றுவிட்டது. கல்லை எண்ணிப் பாருங்கள்.

பென்னாகரம்: வசியத்துக்கு எளிய மந்திரம்?

ஊத்தங்கரைக்குச் சொன்னதே.

தருமபுரி: அதியமான்கோட்டை காலபைரவருக்குப் பூசணி விளக்கு ஏற்றுகிறோமே, இதில் யோகினி உண்டா?

அது தேய்பிறை அஷ்டமி வேண்டுதல். பைரவர் இரண்டுக்கும் பொது, யோகினி சக்கர பூஜை வேறு. நிம்மதியாக ஏற்றுங்கள்.

கிருஷ்ணகிரி: தமிழ்நாட்டில் யோகினி கோயில் இருந்ததா?

காஞ்சிபுரம் பக்கம் இருந்திருக்க வேண்டும். 10ஆம் நூற்றாண்டு யோகினிகள் அங்கிருந்து கிளம்பி சென்னை, லண்டன், வாஷிங்டன் அருங்காட்சியகங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோயில் நின்ற இடம்தான் அகப்படவில்லை.

வசியக் கேள்வி இன்னும் நான்கு வந்திருக்கிறது. பதில் மேலே.