பெரிய அளவு ஆர்.சி. (ரேடியோவில் இயக்குகிற மாடல்) போர் விமானம் மரத்தில் கட்ட ஆசை. ஸ்பிட்ஃபயர் கிட் வாங்கலாமா, மஸ்டாங் வாங்கலாமா?

ரெண்டும் வேண்டாம் தம்பி. அவற்றைப் போலவே இரண்டாம் உலகப் போரில் பறந்த ஹரிக்கேன் கட்டுங்கள்.

கேட்டது ஒன்று, இவன் சொல்வது ஒன்று என்று எரிச்சல் வரும். வரட்டும். பாளையங்கோட்டையில் இருக்கிறேன், ஃபோம் விமானங்கள் ஓட்டிப் பழக்கம் உண்டு, ஏழெட்டு அடி இறக்கையோடு பெட்ரோல் எஞ்சின் வைத்து ஒன்று கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கே இறக்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. நீங்கள் பார்த்த வீடியோவெல்லாம் வெள்ளைக்காரர்கள் மட்டமாக வெட்டி வைத்த புல்தரையில் எடுத்ததாக இருக்கும். பாளையங்கோட்டைப் பக்கம் அப்படி ஒரு தரை இருந்தால் எனக்கும் சொல்லுங்கள், நாளைக்கே வருகிறேன்.

நமக்கு வாய்த்தது வற்றின குளம். கார்த்திகை மழையில் பெருகினது பங்குனி, சித்திரையில் காய்ந்து, ஆடு மாடு மேய்ந்து, கரம்பை மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதில் வெடிப்பு குறைந்த ஒரு துண்டைத் தேடிப் பிடித்து, சீமைக்கருவேல முள்ளைப் பொறுக்கி, மாட்டுக் குளம்புப் பள்ளங்களை மண்வெட்டியால் நிரவினால் அதுதான் ஓடுபாதை. அதையும் நாலு நாள் ஆண்டு அனுபவிப்பதற்குள் மேல்காற்று ஆரம்பித்துவிடும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வருகிற காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை நம்பித்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலை நிற்கிறது. நான் அந்தக் காற்றாலைகளில் கயிற்றில் தொங்கிக்கொண்டு பிளேடு ரிப்பேர் பார்க்கிறவன். பணகுடி, ராதாபுரம், கயத்தாறு என்று சுற்றுகிற பிழைப்பு.

இப்போது ஸ்பிட்ஃபயரின் காலை, அதாவது சக்கரம் மாட்டின கம்பிகளைப் பாருங்கள். அழகைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மிட்செல் வரைந்த அந்த முட்டை வடிவ இறக்கையை 1936-ல் முதலில் பறந்ததிலிருந்து இன்றுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் கால் இரண்டும் உடம்பை ஒட்டி முளைத்து வெளிப்பக்கமாக மடங்கும். 36 அடி 10 அங்குல இறக்கைக்கு இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் ஆறடிகூடக் கிடையாது. ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் இறக்கை ஏழடிக்கு மேல் வரும், சக்கர இடைவெளி ஒரு முழம் தேறாது. பக்கவாட்டுக் காற்றில், வெடித்த கரம்பையில், ஒரு முழ இடைவெளியில் பன்னிரண்டு கிலோவை நிறுத்திப் பாருங்கள். கட்டும்போதும் தொல்லைதான். அந்த இறக்கையின் ஓரமெல்லாம் வளைவு. மெல்லிய பட்டையைப் பசை போட்டு அடுக்கடுக்காக வளைத்து ஒட்ட வேண்டும்.

மஸ்டாங்குக்குக் கால் அகலம் தாராளம், ஒத்துக்கொள்கிறேன். ஹரிக்கேனைவிடவே அகலம். ஆனால் இறக்கை மெல்லிசு. கனமான மாடலை மெதுவாக இறக்கும்போது கொஞ்சம் வேகம் குறைந்தால் போதும், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பக்கம் விழும். வேகமாக இறக்கலாமே என்றால் அதற்கு நீளமான, நல்ல ஓடுபாதை வேண்டும். வயிற்றுக்குக் கீழே எஞ்சினைக் குளிர்விக்கக் காற்றை இழுக்கிற கூடை வேறு தொங்கும், கரடுமுரடான தரையில் முதலில் அடிபடுவது அதுதான். (மஸ்டாங் வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். தார் ரோடு மாதிரி ஓடுதளம் இருக்கிற ஊர்க்காரர்கள் தாராளமாகக் கட்டுங்கள். நான் குளத்துக்காரனுக்குச் சொல்கிறேன்.)

ஹரிக்கேன் சிட்னி காம் வரைந்தது, 1935 நவம்பரில் முதலில் பறந்தது. கால் உள்பக்கமாக மடங்கும், நின்றால் ஸ்பிட்ஃபயரைவிட அகலமாக நிற்கும். இறக்கை தடியானது, ஓரங்கள் நேர்கோடு. மெதுவாக வந்தாலும் மிதந்து வந்து உட்காரும். பிரிட்டன் வான் போரில் பேர் வாங்கினது ஸ்பிட்ஃபயர், அதிக எதிரி விமானத்தை வீழ்த்தினது ஹரிக்கேன். நம்ம ஊர் கணக்கும் ஒன்று இருக்கிறது. 1944-ல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் நம் விமானப் படையின் முதல் ஸ்குவாட்ரன் ஓட்டினது இதைத்தான். இந்திய அடையாளத்தோடு கட்ட வேண்டும் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

பார்க்க லட்சணமாக இல்லை என்பார்கள். முதுகு கொஞ்சம் மேடுதான். என்னுடையது எலும்புக்கூடாக இருந்தபோது நாகர்கோவில் நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “என்னவே இது, கூன் விழுந்தாப்ல இருக்கு?” என்றார். அன்றிலிருந்து எங்கள் வட்டாரத்தில் அதற்குக் கூனன் என்றே பேர். அவரிடம் இருந்தது வெளிநாட்டிலிருந்து முக்கால்வாசி கட்டியே வந்த ஸ்பிட்ஃபயர். சிங்கிகுளம் தாண்டி ஒரு குளத்தில் ஒரே சாயங்காலம் இரண்டும் பறந்தன. இறக்குகிற நேரத்தில் காற்று மேற்கே திரும்பிவிட்டது. அவருடையது தரையைத் தொட்டது, இரண்டு துள்ளு துள்ளியது, இடது கால் வெடிப்பில் இறங்கியதும் அப்படியே சாய்ந்து இறக்கை நுனியில் ஒரு சுற்று சுற்றி மூக்கைக் குத்தியது. 22 அங்குல மர புரொப்பெல்லர் இரண்டு துண்டு. கூனன் அதே பாதையில் வந்து, குலுங்கிக் குலுங்கி ஓடி, ஆட்டுக் கிடைக்கு முன்னால் போய் நின்றது. கிடைக்காரப் பெரியவர் எழுந்துகூட வரவில்லை. என் மச்சான் மட்டும் கைதட்டினான். நண்பர் முகத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை, அவ்வளவு மரியாதை எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சிரித்தேன்.

அது உன் கைத்திறமை, விமானத்தின் குணமில்லை என்று யாராவது எழுதுவார்கள். நண்பர் என்னைவிட நன்றாக ஓட்டுகிறவர். போதுமா?

அடுத்து கிட் விஷயம். முழுக் கிட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் கூரியர் கணக்கை முதலில் போட்டுவிடுங்கள். அவர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். 150, 50, 30 உள்ள பெட்டி என்றால் 45 கிலோ. உள்ளே இருப்பது ஒன்பது கிலோ மரம். நாம் மீதி 36 கிலோ காற்றுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். போதாததற்கு 2022 பிப்ரவரியில் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்ட பிறகு, பெட்டிமேல் விமானப் படம் இருந்தாலே ஆயிரம் கேள்வி. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை என்று நாம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எனக்குத் தெரிந்த ஒருவருடைய பெட்டி மாதக்கணக்கில் ஏதோ கிடங்கில் கிடந்து, வரும்போது பால்சா என்கிற லேசான மரப் பலகையெல்லாம் பப்படமாக வளைந்திருந்தது.

அதனால் பிளானும், லேசரில் வெட்டின ரிப்பும் (இறக்கையின் விலா எலும்பு) ஃபார்மரும் (உடம்பின் குறுக்குச் சட்டம்) மட்டும் வருகிற ஷார்ட் கிட்டும் போதும். அது தட்டையான சின்னப் பெட்டி. பலகை, பட்டை, பிளைவுட் எல்லாம் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். இதில் ஒரு வசதி பாருங்கள். ஹரிக்கேனின் இறக்கை 40 அடி, ஐந்தில் ஒரு பங்கு சரியாக எட்டடி. எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் ஒன்றை மேஜையாகப் போட்டால் பிளான் அப்படியே அதில் படுத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்பார்கள். காற்றாலை பிளேடுக்குள்ளும் பால்சா மரம் உண்டு, ஈக்வடாரிலிருந்து வருவது. “அப்ப கம்பெனி சரக்குதானா?” என்று ஏற்கெனவே ஒருவர் நக்கலாகக் கேட்டாயிற்று. பிளேடில் இருப்பது குறுக்கு வெட்டாக நறுக்கின கட்டை, அதில் ரிப் வெட்டினால் விரலால் அழுத்தியதுமே உதிரும். பிளேடுக்குப் போடுகிற கண்ணாடி இழைத் துணியும் கோணி மாதிரி தடிமன். நமக்கு வேண்டியது சதுர மீட்டருக்கு 25 கிராம் உள்ள, ஊதினால் பறக்கிற துணி. நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.

அங்கே கற்றுக்கொண்டது அந்தத் துணியை ஒட்டுகிற ரெசின் பிசினைக் கலக்கிற பக்குவம் மட்டும். சித்திரை வெயிலில் ஒரு டம்ளர் நிறைய எப்பாக்சி கலக்காதீர்கள். பாதி பூசுவதற்குள் டம்ளர் சுடும், புகையும், கல்லாகிவிடும். விடியற்காலையில், காபி டபராவில் பாதியளவு, அகலமான தட்டில் ஊற்றி வைத்துப் பூசுங்கள்.

ஹரிக்கேனைக் கட்டுவதில் எனக்குப் பிடித்த இடம் பின் உடம்பு. நிஜ விமானத்திலேயே அங்கே தகடு கிடையாது, இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குமேல் மரப் பட்டைகளை நீளவாக்கில் ஓட்டி, துணி போர்த்தியிருப்பார்கள். நானும் டவுனில் ஜவுளிக்கடையில் பாலியஸ்டர் லைனிங் துணி மீட்டர் கணக்கில் வாங்கினேன். “பிளவுஸுக்கா அண்ணாச்சி?” என்றார் கடைப் பையன். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், விளக்கப் புகுந்தால் பஸ் போய்விடும். பசையைச் சட்டத்தில் தடவி, துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டி, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்துத் தேய்த்தால் துணி சுருங்கி இறுகும். இறுக இறுகப் பட்டைகள் ஒவ்வொன்றாகக் கோடு கோடாக மேலெழும்பி வரும். விரலால் சுண்டினால் பறைத்தோல்போல் ஒலிக்க வேண்டும். மந்தமாகக் கேட்கிற இடத்தில் இன்னொரு தேய்ப்பு. அதற்குமேல் தண்ணீரில் கலக்கிற பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று கை. முள் கிழித்தால் சின்ன ஒட்டுத் துணி போதும், விமானத்தைக் குப்பையில் போட வேண்டியதில்லை.

மூக்குக் கூம்புக்கு அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிற ஒரு பெரியவரிடம் போனேன். வரைபடத்தைக் கவிழ்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, “பம்பரமா?” என்றார். பம்பரம்தான் என்று வையுங்கள் என்றேன். கடைசலில் அச்சுப் பிசகாமல் கட்டை செய்து கொடுத்தார், அதன்மேல் கண்ணாடித் துணி போட்டு உறை எடுத்துக்கொண்டேன். லாக்கு அரக்குச் சிவப்பு அடித்துத் தரட்டுமா என்று கேட்டார். மனசு ஒரு நிமிஷம் ஆடியது.

பெயின்ட் அடித்தது வண்ணார்பேட்டையில் கார் வேலை செய்கிற நண்பர். பர்மா போர்முனையில் ஜப்பான்காரனின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக் கூடாது என்று நேச நாட்டு விமானங்களின் அடையாள வட்டத்தில் சிவப்பை எடுத்துவிட்டு, கருநீலத்துக்குள் வெளிர்நீலம் வைத்தார்கள். அப்படியே எழுதினோம். வருகிறவர்களெல்லாம் “சிவப்பை மறந்துட்டியளா?” என்கிறார்கள்.

குறை ஒன்று உண்டு. ஹரிக்கேனுக்கு மூக்கு குட்டை, 55 சிசி எஞ்சின் வைத்த பிறகும் வால் கனக்கும். சமநிலைக்கு முன்னால் ஈயம் வைத்தே ஆக வேண்டும். உவரியில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு கிடைக்கும், அதை உருக்கிக்கொள்ளலாம். வெளியில் வைத்து உருக்குங்கள், புகை விஷம். முன் உடம்பு ஒடுக்கம் என்பதால் எஞ்சின் தலை கொஞ்சம் துருத்தும். அதைப் பொறுக்க முடியாது, எஞ்சின் முழுக்க மறைய வேண்டும் என்றால் உருண்டை மூக்கு தண்டர்போல்ட் பாருங்கள். அதற்கும் கால் அகலம் நல்லாவே உண்டு.

வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறவர்களுக்கு: வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னது பள்ளிக்கூடம். என் மகள் ஏழாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சிக்கு மிச்ச பால்சாவில் ரப்பர் பேண்ட் கிளைடர் ஒன்று செய்தாள். அவளே செய்தாள், நான் பிளேடு மட்டும் மாற்றிக் கொடுத்தேன். பிரேயர் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறந்தது. பார்வையிட வந்தவர் “அப்பா செஞ்சு கொடுத்ததா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். முதல் பரிசு வாங்கின எரிமலையின் அடியில் ஸ்டேஷனரி கடை விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. நான் கண்ணால் பார்த்தேன். வருஷம் பல ஆகியும் அந்தச் சீட்டு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி. சட்டம் என்று பயமுறுத்துவார்கள். 2021 ட்ரோன் விதிகளில், 25 கிலோவுக்கு உட்பட்டு, பொழுதுபோக்குக்காகக் கண்ணெதிரே பறக்கவிடுகிற மாடலுக்குத் தனி வகையே இருக்கிறது. ஆனாலும் எங்கே பறக்கலாம், கூடாது என்று நிறத்தால் காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தின் நிறத்தைப் பார்க்காமல் எஞ்சினைத் தொடாதீர்கள். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி ராக்கெட் எஞ்சின் சோதனை மையம், விஜயநாராயணம் கடற்படை நிலையம் இருக்கிற திசைப்பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். பறந்து முடிந்ததும் டாங்கை வடித்துவிடுங்கள், இப்போதைய எத்தனால் பெட்ரோல் கார்புரேட்டர் ஜவ்வைத் தின்றுவிடும். டயர் காற்றடைத்தது வேண்டவே வேண்டாம், கருவேல முள்ளுக்கு ஸ்பாஞ்ச் ரப்பர்தான் தாங்கும். முதல் சீசன் முழுக்கக் காலை மடக்காமலே ஓட்டுங்கள்.

பிளான் வாங்குவதற்கு முன்னால் உங்கள் மாடி அறைக் கதவையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்து கீழே எழுதுங்கள். நிஜ ஹரிக்கேனைப் போலவே கால் இருக்கிற நடுத்துண்டு தனி, வெளி இறக்கை இரண்டும் தனி என்று மூன்றாகப் பிரித்துத்தான் நான் குட்டியானையில் ஏற்றுகிறேன். உங்கள் நடுத்துண்டு எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பது அந்தத் திருப்பத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.