ஒமேகா சை ஃபை சங்கத்தின் மூன்றாம் மண்டலம்: வரலாறும் பணியும் என்ன?

அமெரிக்கக் கறுப்பின ஆண்களின் சகோதரத்துவச் சங்கமான ஒமேகா சை ஃபையின் மூன்றாம் மண்டலம், வர்ஜீனியா மாநிலத்தையும் தலைநகர் வாஷிங்டனையும் உள்ளடக்கியது. தலைநகரின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1911 நவம்பர் 17 அன்று மூன்று மாணவர்களும் உயிரியல் பேராசிரியர் எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட்டும் சேர்ந்து இச்சங்கத்தைத் தொடங்கியதால், மண்டலத்தின் வரலாற்றைச் சங்கத்தின் பிறப்பிலிருந்தே சொல்ல வேண்டும்.

வாஷிங்டனில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் கார்ட்டர் உட்சனின் தூண்டுதலால் சங்கம் 1920களில் நடத்திய சாதனை வாரம், அவர் 1926இல் தொடங்கிய கறுப்பின வரலாற்று வாரத்துக்கு வழிவகுத்தது. இன்றைய கறுப்பின வரலாற்று மாதம் அதன் வளர்ச்சியே. சங்கத்தின் பொதுப்பணிகளில் தலையாயது இதுவே என்பது என் உறுதியான கருத்து.

கல்வி உதவித்தொகையும் வாக்காளர் பதிவும் கிளைகளின் வழக்கமான பணிகள். இரத்ததான முகாம்களோ, இரத்தச் சேமிப்பு முறையை வளர்த்தெடுத்த, வாஷிங்டனில் பிறந்த உறுப்பினரான மருத்துவர் சார்லஸ் ட்ரூவின் பெயரால் நடைபெறுகின்றன.