மொட்டை மாடி டிரம்மில் புழு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். நான்கு மாதத்துக்கு முன் மொட்டை மாடியில் மூன்று டிரம் வைத்து காய்கறிக் கழிவை உரமாக்க ஆரம்பித்தோம். இப்போது ஒரே நாற்றம், போதாக்குறைக்குப் புழு வேறு. அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் எடுத்துவிடச் சொல்வார்கள் போலிருக்கிறது. என்ன செய்யலாம்? (வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: எடுத்துவிடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டுகிறதா? அப்படியானால் ஈரம் அதிகம், காற்றுப் போக வழியில்லை, காற்றில்லாமல் அழுகுவது முட்டை அழுகின மாதிரிதான் நாறும். யாரோ மிஞ்சிய சாம்பாரையும் ரசத்தையும் அப்படியே ஊற்றுகிறார்கள் என்று பந்தயமே கட்டுவேன். எங்கள் குடியிருப்பில் ஊற்றிய ஆள் நான்தான், அதனால் தெரியும்.

ஒரு வாளி கழிவு போட்டால் இரண்டு வாளி காய்ந்த சருகு போட வேண்டும். எல்லோரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். கழிவு தினமும் தானாக வந்துவிடும், சருகைத் தேடிப் போய்க் கொண்டுவர வேண்டும். தெருவில் வேப்பிலையையும் புங்க இலையையும் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறார்களே, அதை இரண்டு சாக்கில் கட்டி மாடியில் வைத்துவிட்டால் போதும். கிடைக்காத ஊரில் தென்னை நார்த்தூள், மரத்தூள் எதுவானாலும் சரி. வாரம் இரண்டு தடவை கிளறுங்கள். டிரம்மின் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள், பல இடங்களில் அதைப் போடாமலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். கறி, மீன், எண்ணெய்ப் பதார்த்தம் எல்லாம் வேண்டாம்.

புழு பெரும்பாலும் ஒருவகைக் கறுப்பு ஈயின் குஞ்சாக இருக்கும். கடிக்காது, கழிவைத் தின்று வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்கும். ஆனால் இதைக் கூட்டத்தில் விளக்கி யாரையும் சமாதானப்படுத்த முடியாது, நான் முயன்று பார்த்துவிட்டேன்! மேலே நாலு விரல்கடை சருகு மூடியிருந்தால் கண்ணிலேயே படாது.

அப்புறம் முக்கியமான விஷயம், இதை 24 வீட்டின் 'பொதுப் பொறுப்பு' என்று விட்டால் யாரும் மாடிப்படி ஏற மாட்டார்கள். வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்றால் 1,200 ரூபாய் சேரும். வாட்ச்மேனோ அவர் மனைவியோ சம்மதித்தால் கிளறுகிற வேலைக்கு அதைக் கூலியாகக் கொடுங்கள்.

கேள்வி: ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கும், மண்ணில் படிந்து படிந்து கடைசியில் கருவேப்பிலைச் செடி கருகி நிற்கும். வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகிறது என்பதால் வாளி சீக்கிரமே நிரம்பிவிடும்.

அதற்கும் முன்னால், உங்களுக்கு ஆர்.ஓ. தேவைதானா? தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான், மாடிக்கு ஒன்று வாங்கி வீடு வீடாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. மெட்ரோ தண்ணீர் அதற்குள் இருந்தால் உப்பை எடுக்க மெஷின் வேண்டியதில்லை. மீட்டர் கிருமியைக் காட்டாது, அதனால் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

கேள்வி: சீமந்தம், பிறந்தநாள் என்றால் பேப்பர் கப், பேப்பர் தட்டு மலை மாதிரி குவிகிறது. பேப்பர்தானே, பரவாயில்லையா? (வாசகி, தாம்பரம்)

பதில்: பேப்பர் மட்டுமில்லை. காபி ஊறிப்போகாமல் இருப்பதற்கு உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அதனால்தான் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருட்களில் இதுவும் உண்டு. சட்டம் ஒரு பக்கம், கடைத்தெரு ஒரு பக்கம் என்பது வேறு கதை.

எவர்சில்வர் தட்டு 60, டம்ளர் 60 என்று குடியிருப்புப் பணத்தில் வாங்கி ஒரு பீரோவில் பூட்டி, சாவியை ஒருவரிடம் கொடுங்கள். யார் கழுவுவது என்றுதான் சண்டை வரும், பெரும்பாலும் அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா தலையில்தான் விழும். கப் வாங்கும் காசை அவருக்குத் தனியாகக் கொடுக்க முடியாதென்றால், பேசாமல் சாப்பாட்டுக்கு வாழை இலை போட்டுவிடுங்கள், சாப்பிட்டபின் நறுக்கி டிரம்மில் போடலாம்.

கேள்வி: மஞ்சப்பை எத்தனை வைத்துக்கொள்ளலாம்? (வாசகர், திருச்சி)

பதில்: கல்யாணத் தாம்பூலப் பைகளே வீட்டில் முப்பது இருக்குமே! புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள். வண்டி டிக்கியில் இரண்டு, கதவுக் கொக்கியில் இரண்டு, மிச்சத்தைத் தெருமுனைக் கீரைக்கார அம்மாவிடம் கொடுங்கள், பை கொண்டுவராதவர்களுக்கு அவர் கொடுப்பார்.