ஒத்தச் சக்கரத்தை ஃப்ளைட்ல ஏத்துறது எப்படி? வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்வில பாதிக்கு மேல யூனிசைக்கிள விமானத்துல கொண்டு போறது பத்தி தான், ஒத்தச் சக்கரம் ஓட்டுறவங்க இத்தனை பேர் நம்ம வாசகர்கள்ல இருக்கீங்கன்னு நினைக்கவே இல்ல. மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழ்ல பாத்துக்கலாம்.

கே: 24 இஞ்ச் யூனிசைக்கிள் வச்சிருக்கேன் சார், அடுத்த மாசம் கூடவே கொண்டு போகணும். ஏர்லைன் சைட்ல சைக்கிள், கோல்ஃப் பை, சர்ஃப் போர்டு எல்லாம் போட்டிருக்கு, யூனிசைக்கிள்னு ஒரு வார்த்தை இல்ல. சைக்கிள் கணக்குல காசு கட்டணுமா, சாதா லக்கேஜா?

ப: லிஸ்ட்ல இல்லன்னா கவலையே வேணாம். கவுன்டர்ல இருக்கவங்களுக்கு உங்க வண்டிக்கு எத்தனை சக்கரம்ங்கறது பெருசா தெரியாது, அவங்க பாக்குறது பெட்டியோட நீளம் அகலம் உயரம் மூணையும் கூட்டினா எவ்வளவு, வெயிட் எவ்வளவு, அவ்வளவுதான். நிறைய ஏர்லைன்ல எகானமி டிக்கெட்டுக்கு ஒரு பெட்டின்னா கூட்டுத்தொகை 158 செ.மீ., வெயிட் 23 கிலோ. யூனிசைக்கிள் வெயிட்ல எப்பவும் பாஸ் ஆகிடும், பெரும்பாலும் 5-லேருந்து 8 கிலோக்குள்ள நிக்கும், சைஸ்ல தான் மாட்டும், அதுவும் ஃபிரேமால இல்ல சக்கரத்தால. உங்க 24 இஞ்ச் சக்கரம் டயரோட சுமார் 61 செ.மீ., பெட்டிக்கு ரெண்டு பக்கம் 61, 61, கிராங்க் (பெடல் மாட்டுற கை) ரெண்டும் நீட்டிக்கிட்டு இருக்குறதால அகலம் ஒரு 20, ஆக 142, அட்டையும் ஸ்பாஞ்சும் சேத்தாலும் 158-க்குள்ள வந்துடும். பெடல், சீட், ஃபிரேம் மூணையும் கழட்டி அதே பெட்டில சக்கரத்தோட பக்கத்துல படுக்க வச்சிடலாம், இல்ல துணி வைக்குற சூட்கேஸ்ல ஃபிரேமையும் சீட்டையும் போட்டுட்டு பெட்டில சக்கரத்த மட்டும் வைக்கலாம்.

ஒண்ணே ஒண்ணு, சைக்கிள் கடைல சும்மா குடுக்குற பெரிய அட்டைப் பெட்டிய வாங்கி அப்படியே யூஸ் பண்ணாதீங்க. அது 158-ஐ தாண்டும், போதாக்குறைக்கு வெளிய பெருசா சைக்கிள் படம் வேற போட்டிருக்கும், அதப் பாத்ததும் கவுன்டர்ல விலைப்பட்டியல தேட ஆரம்பிச்சிடுவாங்க. அளவா வெட்டி ஒட்டின சாதா பெட்டி போதும். உள்ள என்னன்னு கேட்டா மறைக்க வேணாம், கழட்டி வச்ச யூனிசைக்கிள், விளையாட்டுச் சாமான்னு நேரா சொல்லுங்க. சில ஏர்லைன் அளவு என்னவா இருந்தாலும் சைக்கிள் வகை எல்லாத்துக்கும் தனி சார்ஜ் போடும், அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே பெட்டி அளவையும் வெயிட்டையும் எழுதி ஈமெயில் அனுப்பி, வர்ற பதில பிரின்ட் எடுத்து கைல வச்சுக்கங்க. கவுன்டர்ல வாயால ஆயிரம் பேசுறத விட அந்த ஒரு பேப்பர் வேலை செய்யும்.

கே: 29 இஞ்ச் கொண்டு போறதா, 36 இஞ்ச் கொண்டு போறதான்னு வீட்டுல ஒரே விவாதம். எது சுலபம்?

ப: இதுல விவாதமே இல்ல, 29. டயரோட சுமார் 74 செ.மீ. வரும், அப்படியே வச்சா கூட்டுத்தொகை 168-க்கு பக்கம் போயிடும். ஆனா டயரையும் ட்யூபையும் ரிம்ல இருந்து உருவிட்டீங்கன்னா ரிம் மட்டும் 64 செ.மீ. கிட்ட தான், 64, 64, 20, மொத்தம் 148, வேலை முடிஞ்சுது. டயர மடிச்சு பெட்டிக்குள்ளயே திணிக்கலாம், மடிக்க வராத கம்பி டயரா இருந்தா எட்டு மாதிரி முறுக்கி சுருட்டிடுங்க.

36-க்கு இந்த வித்தை பலிக்காது, டயர கழட்டினா கூட ரிம்மே 80 செ.மீ. இருக்கும், எப்படி வச்சாலும் ஓவர்சைஸ் தான். முன்கூட்டியே புக் பண்ணி காசு கட்டிடுங்க, கவுன்டர்ல கடைசி நேரத்துல கட்டுறது பெரும்பாலும் கூட வரும். யூனிகான்னு ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் உலகப் போட்டி நடக்குமே, 1984-ல நியூயார்க் மாநிலத்துல ஆரம்பிச்சது, 2018-ல தென்கொரியா அன்சான்லயும் 2022-ல பிரான்ஸ் கிரனோபிள்லயும் நடந்துச்சு, அதுக்கெல்லாம் கடல் தாண்டி வர்றவங்களுக்கும் இதே தலைவலி தான். போற ஊர்ல யார்கிட்டயாவது 36 கடன் கிடைக்குமான்னு மொதல்ல விசாரிங்க, சீட்ட மட்டும் உங்களோடத எடுத்துட்டுப் போங்க. சீட்டு பழகினதா இருந்தா மத்ததெல்லாம் சமாளிச்சுக்கலாம்ங்கறது என் அபிப்பிராயம்.

கே: வலது பெடல் ஈசியா கழண்டுச்சு, இடது பெடல் எவ்வளவு அழுத்தினாலும் இன்னும் இறுகுது. துருவா?

ப: துரு இல்லங்க, மரை. இடது பெடல்ல மரை எதிர்ப்பக்கம் வெட்டியிருக்கும், நீங்க கழட்டுறதா நினைச்சு இறுக்கிட்டு இருக்கீங்க. கடிகார முள் கணக்கெல்லாம் மறந்துடுங்க. வண்டிய நிமித்தி வச்சு, 15 எம்எம் ஸ்பேனர பெடல் தண்டுல மாட்டி அதோட கைப்பிடி மேல பாத்து நிக்கட்டும், அங்கேருந்து வண்டியோட பின்பக்கமா தள்ளினா எந்தப் பெடலும் கழலும், முன்பக்கமா தள்ளினா இறுகும், ரெண்டு பக்கத்துக்கும் இதே தான். சில பெடலுக்கு ஸ்பேனர் வைக்க இடமே இருக்காது, கிராங்குக்கு உள்பக்கம் இருந்து ஆலன் கீ போட்டு தான் கழட்டணும்.

கிராங்க கழட்டலாமான்னு இன்னொருத்தர் கேட்டிருந்தார், அவசியம் இல்லன்னா தொடாதீங்க. அதுவும் சதுரத் தண்டு வச்ச ஹப்ல (சக்கரத்தோட நடு அச்சுப் பகுதி) அடிக்கடி கழட்டி மாட்டினா பிடிமானம் போயிடும். போய் இறங்கி திரும்ப மாட்டும்போது தான் உண்மையான வேலையே இருக்கு. பேரிங்க மேல இருக்குற மூடிக்கு பக்கத்துக்கு ரெண்டு போல்ட் இருக்கும், ஒண்ண முழுசா முறுக்கிட்டு அடுத்ததுக்கு போகாம மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க, நடுவுல சக்கரத்த கையால சுத்தி விட்டு பாருங்க, அது தானா நாலஞ்சு சுத்து சுத்தி நிக்கணும், பாதிலயே பிடிச்சு நிறுத்துற மாதிரி நின்னா ஓவரா முறுக்கிட்டீங்கன்னு அர்த்தம், பேரிங் செத்துடும். பெடல்லயும் கிராங்க்லயும் எல், ஆர்னு பொறிச்சிருக்கும். சீட்டோட முன்பக்கத்த வச்சு பாத்து ஆர் போட்ட கிராங்க் வலது பக்கம் வரணும், மாறிடுச்சுன்னா ஓட்ட ஓட்ட பெடல் தானா கழண்டு கிராங்கோட மரையையும் சேத்து நாசம் பண்ணிடும்.

கே: மேல போனா காத்து அழுத்தம் குறையும்ல, டயர் வெடிச்சிடாதா?

ப: வெடிக்காது. லக்கேஜ் வைக்குற இடமும் நீங்க உக்காந்திருக்குற கேபின் மாதிரியே அழுத்தம் குடுத்து வச்சது தான், பறக்கும்போது சுமார் 8000 அடி உயர மலை மேல இருக்குற காத்து அழுத்தத்துக்கு கீழ போகாம வச்சிருப்பாங்க. அதனால உங்க டயர் கேஜ் தரையில காட்டினத விட ஒரு 4 பிஎஸ்ஐ கூட காட்டும், அவ்வளவே. வெளிய காத்தே இல்லன்னு வச்சுக்கிட்டா கூட 14.7 தான் ஏறும். ஆனாலும் காத்த எறக்கச் சொல்லி விதி வச்சிருக்குற ஏர்லைன் நிறைய இருக்கு, அங்க போய் பௌதிகம் பேசாதீங்க, பாதி எறக்கிடுங்க. முழுசா எறக்க வேணாம், கொஞ்சம் காத்து இருந்தா தூக்கிப் போடும்போது ரிம்முக்கு பாதுகாப்பு.

கே: கைலயே கேபினுக்குள்ள எடுத்துட்டுப் போக முடியாதா அண்ணா?

ப: 20 இஞ்ச் சக்கரமே 50 செ.மீ. வருது தம்பி, கேபின் பைக்கு உலகத்துல பரவலா சொல்ற அளவு 56, 45, 25. குழந்தைங்க ஓட்டுற 12, 16 இஞ்ச் கழட்டி வச்சா அளவுக்குள்ள வரும், செக்யூரிட்டில விடுறாங்களாங்கறது அவங்க இஷ்டம். ஸ்பேனர், பெடல் எல்லாம் செக்-இன் பெட்டில போயிடட்டும், நீளமான ஸ்பேனர கேபினுக்குள்ள விடவே மாட்டாங்க. பஞ்சர் ஒட்டுற பசை தீப்பிடிக்குற சாமான், அத விட்டுட்டு தானா ஒட்டுற பேட்ச் வாங்கிக்கங்க. காத்தடிக்க கேஸ் குப்பி வேணாம், கை பம்ப் போதும்.

கே: என்னோடது எலெக்ட்ரிக் யூனிசைக்கிள். பேட்டரி கழட்ட வராது.

ப: வீட்டுலயே விட்டுட்டு போங்க. லித்தியம் பேட்டரி 100 வாட் அவர் வரைக்கும் பயணிங்க கொண்டு போகலாம், 100-லேருந்து 160 வரைக்கும் ஏர்லைன் அனுமதி வேணும், அதுக்கு மேல பயணி லக்கேஜ்ல இடமே இல்ல. வோல்டையும் ஆம்ப் அவரையும் பெருக்கிப் பாருங்க, நல்ல எலெக்ட்ரிக் வீல்னா பல நூறுல நிக்கும், சிலது ஆயிரத்தயும் தாண்டும். சின்ன பேட்டரியா இருந்தாலும் 2015 கடைசில ஹோவர்போர்டு தீப்பிடிச்ச கதைகளுக்கப்புறம் இந்த வகை மொத்தத்தயும் தடை பண்ணின ஏர்லைன் நிறைய.

கே: பெட்டிக்குள்ள எத பாதுகாக்கணும், அப்படியும் உடைஞ்சு வந்தா யார கேக்குறது?

ப: ஹப்போட ரெண்டு முனை, ஃபிரேமோட ரெண்டு கால், இந்த ரெண்டு இடம் தான். ஹப் முனை அட்டைய குத்திக்கிட்டு வெளிய வந்துடும், அங்க தடியா நாலு மடிப்பு அட்டை வச்சு டேப் போடுங்க. ஃபிரேம் கால் ரெண்டுக்கும் நடுவுல ஹப் அகலத்துக்கு ஒரு மரத்துண்டு வெட்டி முட்டுக் குடுத்துட்டா மேல எது விழுந்தாலும் கால் ஒண்ணோட ஒண்ணு நெருங்காது. ஸ்போக்ஸ் மேல கனமா எதையும் வைக்காதீங்க. செக்கிங்ல பெட்டிய பிரிச்சாங்கன்னா அவங்களுக்கு திரும்ப எப்படி அடுக்குறதுன்னு தெரியாது, அதனால மூடிக்கு கீழயே உள்ள அடுக்கினத போட்டோ எடுத்து ஒட்டி, ஒரு டேப் சுருளும் போட்டு வைங்க.

உடைஞ்சிருந்தா ஏர்போர்ட்ட விட்டு வெளிய வராதீங்க. பெல்ட் பக்கத்துலயே பெட்டிய தொறந்து, ரிம்ம சுத்தி விட்டு பாத்து, வளைஞ்சிருந்தா அங்கயே போட்டோ எடுத்துட்டு லக்கேஜ் கவுன்டர்ல ரிப்போர்ட் எழுதி காப்பி வாங்கிடுங்க. சர்வதேசப் பயணத்துக்கு 1999 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ள எழுத்துல புகார் போகணும், லக்கேஜ் லேட்டா வந்திருந்தா கைக்கு கிடைச்சதுலேருந்து 21 நாள். நஷ்ட ஈட்டுக்கு உச்ச வரம்பும் இருக்கு, 2024 டிசம்பர் கடைசிலேருந்து ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர், அது ஐஎம்எஃப் வச்சிருக்குற கணக்குப் பணம், ஊர் பணத்துக்கு மாத்தி தான் தருவாங்க. வண்டி வாங்கின பில்ல போன்ல வச்சிருந்தா உடனே காட்டலாம், பில் இல்லாம விலைய நிரூபிக்குறது பெரும்பாடு.