தெளிந்த தண்ணீரெல்லாம் பாதுகாப்பான தண்ணீரா? கழிவுநீர் மறுபயன்பாடு: கேள்வி பதில்

கழிவுநீர், மலக்கசடு, மட்கும் கழிவு ஆகியவற்றை ஆபத்தில்லாமல் மறுபடி பயன்படுத்துவது பற்றிய ஆய்வில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் குடியிருப்பின் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து தண்ணீர் தெளிவாக, வாடையே இல்லாமல் வருகிறது மேடம். காய்கறிப் பாத்திக்கு விடலாமா?

கண்ணையும் மூக்கையும் மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலான நிலையங்களில் இருப்பது 1914இல் மான்செஸ்டரில் உருவான முறையின் வழிவந்ததுதான். காற்றை ஊதி பாக்டீரியாக்களை வளர்ப்பார்கள், அவை தண்ணீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருளைத் தின்றுவிடும். கழிவு ஆற்றில் கலந்து அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். நோய்க்கிருமியைக் கொல்ல வேண்டும் என்று அதை வடிவமைக்கவில்லை.

கணக்காகவே பார்ப்போம். 100 மில்லி சாக்கடை நீரில், மலத்தோடு வரும் ஈ.கோலை என்ற பாக்டீரியா ஒரு கோடி இருப்பது சாதாரணம். 99 சதவீதம் போய்விட்டது என்றால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் மிச்சம் ஒரு லட்சம். அதனால்தான் நாங்கள் சதவீதத்தில் பேசாமல் 'லாக்' கணக்கில் பேசுகிறோம். 90 சதவீதம் குறைந்தால் 1 லாக், 99 சதவீதம் குறைந்தால் 2 லாக். பச்சையாகச் சாப்பிடும் பகுதியில் நேரடியாகப் படும் பாசன நீரில், 100 மில்லிக்கு 10 ஈ.கோலைக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2020ஆம் ஆண்டு விதி. உங்கள் தெளிந்த தண்ணீர் இன்னும் 4 லாக் தூரம் போக வேண்டியிருக்கலாம். வடிகட்டலும் கிருமி நீக்கமும் அதற்குப் பின்னால் இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் மரங்களுக்கு விடுங்கள், கீரைக்கு வேண்டாம்.

கேள்வி: கடைசியில் குளோரின் போட்டுவிட்டால் எல்லாம் செத்துவிடாதா?

பாக்டீரியா சாகும், பல வைரஸ்களும் சாகும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு வழக்கமான அளவு குளோரின் ஒன்றும் செய்யாது. அதற்கு யூவி (புற ஊதா) ஒளி நன்றாக வேலை செய்யும். ஆனால் அடினோவைரஸ் யூவியைத் தாக்குப்பிடிக்கும். ஒரே ஒரு ஆயுதத்தை நம்ப முடியாமல் போவது இப்படித்தான்.

இரண்டுக்கும் அசையாதது, மனிதக் குடலில் வாழும் உருண்டைப்புழுவின் முட்டை. அதன் ஓடு அவ்வளவு கெட்டி, மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நல்ல வேளையாக அது தண்ணீரைவிடக் கனமானது. வரிசையான குளங்களில் நீரைப் போதுமான நாட்கள் நிறுத்தினால் அடியில் படிந்துவிடும். நிறைய பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: படிந்த முட்டை சாகவில்லை, தண்ணீரிலிருந்து கசடுக்கு இடம் மாறியிருக்கிறது. தண்ணீர் எவ்வளவு சுத்தமாகிறதோ அவ்வளவு ஆபத்து கசடில் சேர்கிறது. கசடை என்ன செய்வது என்று தெரியாத சுத்திகரிப்புத் திட்டத்தை நான் பாதித் திட்டம் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: அப்படியென்றால் செப்டிக் டேங்க் கசடை வெயிலில் காயவைத்து வயலில் போடுவது?

ஒன்றிரண்டு வாரம் காய்ந்தால் மேலே பொடியாகிவிடும், பார்க்க மண் மாதிரி இருக்கும். முட்டைகள் உள்ளே இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி, காய்ந்த மலக்கழிவைப் புதிதாக எதையும் சேர்க்காமல் மூடி வைக்கச் சொல்கிறது: 20 டிகிரிக்கு மேல் உள்ள இடங்களில் குறைந்தது ஒரு வருடம், அதைவிடக் குளிரான இடங்களில் ஒன்றரை முதல் இரண்டு வருடம். 'புதிதாக எதையும் சேர்க்காமல்' என்பதுதான் முக்கியம். பதினோராவது மாதத்தில் மேலே ஒரு வாளி புதுக் கசடு கொட்டினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அதனால் இரண்டு குழி வேண்டும், ஒன்று நிரம்பும்போது மற்றது ஓய்வில் இருக்க.

அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதென்றால் சூடு வேண்டும். அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

கேள்வி: எங்கள் மட்கு உரக் குவியல் சூடாகவே மாட்டேன் என்கிறது. நாற்றமும் வருகிறது அக்கா.

நாற்றம் என்றால் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் ஈரம் அதிகம், காய்ந்த பொருள் குறைவு. கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) 25 அல்லது 30க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். சமையல் கழிவிலும் கசடிலும் தழைச்சத்து ஏராளம், அதனால் சருகு, வைக்கோல், மரத்தூள் தாராளமாகச் சேருங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரக் கூடாது. குவியல் நீள, அகல, உயரத்தில் ஒரு மீட்டராவது இல்லையென்றால் உண்டாகும் சூடு வெளியே போய்விடும்.

சமையல் கழிவு மட்டும்தான் என்றால் மட்கினால் போதும். கசடு சேர்த்திருந்தால் 55 டிகிரி கட்டாயம். திறந்தவெளிக் குவியல்களுக்கு அமெரிக்க விதிப்படி 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் 5 முறை புரட்டல். ஏன் புரட்ட வேண்டும்? நடுவில் 60 டிகிரி இருக்கும்போது ஓரத்தில் 30தான் இருக்கும், அங்கே முட்டைகள் பத்திரமாக இருக்கும். ஓரம் உள்ளே போக வேண்டும். நீளமான கம்பி வைத்த வெப்பமானி ஒன்று வாங்கி, பல இடத்தில் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். கை வைத்துப் பார்த்து 'சுடுகிறது' என்று சொல்வது அளவு ஆகாது.

மண்புழுவைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கிருமியைக் கொல்லும் சூட்டில் புழுவும் செத்துவிடும். எனவே முதலில் சூடு, ஆறிய பிறகு புழு.

கேள்வி: பயோகேஸ் தொட்டியிலிருந்து வரும் கழிவுக்கரைசல் பாதுகாப்பானதா?

உரமாக அருமையானது. தழைச்சத்து வீணாகாது, பயிர் உடனே எடுக்கும் அம்மோனிய வடிவத்துக்கு அதில் பெரும்பகுதி மாறியிருக்கும். மாட்டுச்சாணமோ காய்கறிக் கழிவோ மட்டும் போட்டால் எனக்குப் பெரிய கவலை இல்லை. மனிதக் கழிவு சேர்ந்தால் விஷயம் வேறு. சாதாரணத் தொட்டி 35 டிகிரி அளவில் ஓடுகிறது, அது முட்டையைக் கொல்லாது. மூடி வைத்துச் சேமிப்பதோ சூடான குவியலில் மட்கவைப்பதோ அதற்குப் பிறகு தேவை.

இதை வைத்து இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். பயோகேஸ் தொட்டி, செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழி, எதற்குள்ளும் எந்த அவசரத்துக்கும் மனிதரை இறக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு தேங்கும். அளவு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் முகரும் உணர்வையே அது செயலிழக்கச் செய்துவிடும், அதனால் 'நாற்றம் குறைந்துவிட்டது' என்று நினைக்கும் நேரம்தான் உயிர் போகும் நேரம். ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர், அவரைக் காப்பாற்ற இன்னொருவர் என்று வரிசையாகச் சாகிறார்கள். மறுபயன்பாடு பற்றி எவ்வளவு நல்ல திட்டம் போட்டாலும், அதைச் சுத்தம் செய்ய ஓர் ஆள் உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தத் திட்டம் எனக்கு வேண்டாம்.

கேள்வி: சிறுநீரை உரமாக்கலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, இதில் எனக்கு மிகுந்த நம்பிக்கையும் உண்டு. வீட்டுக் கழிவுநீரின் மொத்த அளவில் சிறுநீர் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். ஆனால் மனிதர் வெளியேற்றும் தழைச்சத்தில் சுமார் 80 சதவீதமும் மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) பாதியும் அதில்தான் இருக்கின்றன. அதை முதலில் தண்ணீரில் கலந்து, பிறகு மின்சாரம் செலவழித்துப் பிரித்தெடுக்கப் பாடுபடுகிறோம்.

மூடிய கலனில் வைத்தால் யூரியா அம்மோனியாவாக மாறும், காரத்தன்மை கூடி pH அளவு 9ஐ நெருங்கும். கிருமிகளைக் கொல்வது அதுதான். பலர் வீடுகளிலிருந்து சேர்த்ததென்றால் 20 டிகிரியில் 6 மாதம் வைத்த பிறகு எந்தப் பயிருக்கும் விடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கலனைத் திறந்து வைத்தால் அம்மோனியா காற்றில் போய்விடும், உரமும் போச்சு, பாதுகாப்பும் போச்சு. சிறுநீரில் தவறிக் கலக்கும் மலம்தான் இதில் உண்மையான ஆபத்து.

சுவிட்சர்லாந்தின் ஏவாக் நீர் ஆய்வு நிறுவனம் இன்னும் ஒரு படி போனது. சிறுநீரை நிலைப்படுத்தி, கரித்தூள் வழியாக விட்டு மருந்து எச்சங்களை நீக்கி, பிறகு ஆவியாக்கிச் செறிவான திரவ உரம் ஆக்குகிறார்கள். ஆரின் என்ற அந்த உரத்துக்குச் சுவிஸ் அரசு உணவுப் பயிர்களுக்கே அனுமதி கொடுத்திருக்கிறது.

கேள்வி: மருந்துகளும் ரசாயனங்களும் பயிருக்குள் போகுமா?

சில போகும். வலிப்பு மருந்தான கார்பமசெபின் நல்ல உதாரணம், சுத்திகரிப்பில் அது எளிதில் உடைவதில்லை. இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. மறுசுழற்சி நீரில் விளைந்த காய்கறிகளைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் இந்த மருந்து கூடியது, நன்னீர்க் காய்கறிக்கு மாறியதும் குறைந்தது. அளவு, மருந்தாக எடுப்பவர்களின் உடலில் இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. வயிற்றுப்போக்கும் குடற்புழுவும் இன்றைக்கே குழந்தைகளைப் பாதிக்கும் இடத்தில், என் முதல் கவலை இது அல்ல.

பிஃபாஸ் எனப்படும் அழியாத ரசாயனங்கள் வேறு வகை. அவை உடைவதே இல்லை, கசடிலும் மண்ணிலும் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022இல் வயல்களில் கசடு போடுவதையே தடை செய்தது அதனால்தான். இதற்குச் சுத்திகரிப்பு நிலையத்தின் முடிவில் மருந்து தேடிப் பயனில்லை. தொழிற்சாலைக் கழிவை வீட்டுக் கழிவுநீரோடு கலக்க விடாமல் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும்.

கேள்வி: கழிவுநீரைக் குடிநீராகவே மாற்றும் ஊர் உண்டா?

உண்டு. நமீபியாவின் வின்ட்ஹுக் 1968 முதல் செய்கிறது, அங்கே தொழிற்சாலைக் கழிவைத் தனியாகப் பிரித்துவிடுகிறார்கள். சிங்கப்பூர் 2003இலிருந்து.

கேள்வி: பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள் கழிவைத் தின்று சுத்தமாக்கிவிடுமாமே?

குப்பையின் அளவை வேகமாகக் குறைக்கும், புழு கோழிக்கும் மீனுக்கும் நல்ல தீவனம். சால்மோனெல்லாவையும் குறைக்கிறது. உருண்டைப்புழு முட்டையை மட்டும் தொடுவதில்லை. உணவுக் கழிவுக்குத் தயங்காமல் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதி விவசாயிகளுக்குச் சாக்கடை கலந்த வாய்க்காலைத் தவிர வேறு நீரே இல்லை. நிலையம் கட்ட வழியும் இல்லை. என்ன செய்வது?

இதைக் கேட்டதற்கு நன்றி. உலகில் இந்த நிலையில் கோடிக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள், 'பயன்படுத்தாதே' என்பது அவர்களுக்குப் பதிலாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி கொண்டுவந்த பெரிய மாற்றமே இதுதான்: எல்லாப் பொறுப்பையும் ஒரு நிலையத்தின் தலையில் வைக்காமல், வயலிலிருந்து தட்டு வரை பல தடுப்புகளாகப் பிரித்தது. மொத்தம் 6 அல்லது 7 லாக் குறைய வேண்டும், எங்கே குறைந்தாலும் சரி.

அறுவடைக்கு முன் பாசனத்தை நிறுத்தினால் வெயிலிலேயே நாளொன்றுக்கு அரை முதல் 2 லாக் குறையும். சொட்டு நீர், தரையோடு வளரும் பயிருக்கு 2 லாக், உயர வளரும் பயிருக்கு 4 லாக் தரும். நல்ல தண்ணீரில் கழுவினால் 1, தோல் சீவினால் 2, சமைத்தால் 5 அல்லது 6. கானாவில் நடந்த ஆய்வுகளில் இன்னும் எளிய வழிகள் கிடைத்தன: வயலோரம் சிறு குளம் வெட்டி நீரைத் தேக்குவது, அடிச்சேற்றைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் மொள்ளுவது, பூவாளியைத் தாழ்த்திப் பிடித்து மண் தெறிக்காமல் ஊற்றுவது.

ஆனால் இவற்றில் பல, சாப்பிடுபவரை மட்டுமே காக்கும். வாய்க்காலில் நிற்கும் விவசாயியையும் வரப்பில் விளையாடும் அவர் குழந்தையையும் காக்காது. பூட்ஸ், கையுறை, குழந்தைகளுக்குக் குடற்புழு மாத்திரை ஆகியவற்றைத் திட்டத்தில் சேருங்கள். குழந்தைகள் வயலில் புழங்கினால் புழு முட்டைக்கான வரம்பையும் லிட்டருக்கு 1 என்பதிலிருந்து 0.1 ஆக இறுக்கச் சொல்கிறது அதே வழிகாட்டி.

கேள்வி: எதையெல்லாம் பரிசோதிக்க வேண்டும்?

ஈ.கோலை, புழு முட்டை, மின்கடத்துத்திறன் (நீரில் உள்ள உப்பைக் காட்டும்), சோடிய விகிதம். கடைசி இரண்டும் மண்ணுக்காக. சாதாரணச் சுத்திகரிப்பு உப்பை எடுக்காது, சோடியம் ஏறினால் மண் இறுகித் தண்ணீர் இறங்காது. முட்டைப் பரிசோதனைக்குக் குப்பியில் கொஞ்சம் எடுத்துப் போகாதீர்கள், அதில் ஒன்றும் அகப்படாது. பல லிட்டர் எடுத்து, படியவிட்டு, அடியில் சேர்ந்ததை நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். ஆய்வகத்தில் கேட்கும்போதே முட்டை உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணிக்கையை மட்டும் எழுதித் தந்தால் உங்கள் மட்கு உரம் வேலை செய்ததா என்று தெரியாது.