மிக்சரின் மிச்சம் எங்கே போகும்?

கேள்வி: ஜி.பி.எஸ். பிடித்து ஓடும் 10 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர் ஒன்று, அதிலிருந்து 10 ஹெர்ட்ஸ் தள்ளி வைத்த ஓவன் கிரிஸ்டல் (ஒரே சூட்டில் வைக்கப்படும் கிரிஸ்டல் ஆசிலேட்டர்) ஒன்று. இரண்டையும் ஒப்பிட, அவற்றின் வித்தியாச அலையைத் தரும் டயோடு மிக்சரில் கலந்து, 10 கிலோ ஓம், 104 (0.1 மைக்ரோஃபாரட்) டிஸ்க் கெப்பாசிட்டர் ஃபில்டர் வழியாக, அலையின் நேரத்தை அளக்கும் கவுண்டருக்குக் கொடுத்தேன். கடைசி இலக்கங்கள் ஆடுகின்றன. மிக்சர் வாயில் 50 ஓம் போடச் சொல்கிறார் நண்பர். போடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: நண்பர் சொன்னது பாதி சரி. மிக்சரிலிருந்து நீங்கள் கேட்ட 10 ஹெர்ட்ஸ் மட்டும் வருவதில்லை, கூட்டுத்தொகையான 20 மெகாஹெர்ட்ஸும் கூடவே வரும். உங்கள் 10 கிலோ ஓம் அதற்குப் பூட்டிய கதவு. வந்த வழியே திரும்பிப்போய் டயோடுகளில் மறுபடி கலக்கும். கேபிளைத் தொட்டாலே அளவு மாறுகிறதா? அப்படியானால் இதுதான்.

வெறும் 50 ஓமைப் போட்டால் அந்த 20 மெகாஹெர்ட்ஸ் அடங்கும். ஆனால் உங்களுக்கு வேண்டிய 10 ஹெர்ட்ஸும் ஏறக்குறைய பாதியாகும், பூஜ்யத்தைக் கடக்கும் சரிவும் படுத்துவிடும். அதனால் 50 ஓமோடு ஒரு 103 (0.01 மைக்ரோஃபாரட்) செராமிக் கெப்பாசிட்டரைத் தொடராக வைத்து, கால்களைக் குட்டையாக வெட்டி, மிக்சர் வாயிலிருந்து சர்க்யூட்டின் தரைக்கு (கிரவுண்ட்) இறக்குங்கள். 20 மெகாஹெர்ட்ஸுக்கு அந்த 103 ஒரு ஓம்கூட இல்லை; 10 ஹெர்ட்ஸுக்குப் பதினாறு லட்சம் ஓம். வேண்டாதது 50 ஓமில் சூடாகிப் போகும், வேண்டியது அப்படியே நிற்கும்.

அப்புறம் அந்த 104 டிஸ்க். நானும் அதில்தான் மாட்டினேன். தர்மபுரியில் என் அறைக்கு மேலே சிமென்ட் ஷீட். தினமும் மதியம் இரண்டு மணிக்கு கிராஃப் ஒரு மேடு ஏறும். பாவம், ஓவன் கிரிஸ்டலைத்தான் ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சால்டரிங் அயர்னை டிஸ்க் பக்கம் கொண்டுபோனேன், தொடவில்லை, கவுண்டர் ஓட ஆரம்பித்தது. கணக்குப் பாருங்கள்: 10 கிலோ ஓமும் 104-ம் சேர்ந்தால் சுமார் 1 மில்லி விநாடி தாமதம். சூட்டில் கெப்பாசிட்டர் 1 சதவீதம் நகர்ந்தால் 10 மைக்ரோ விநாடி. 10 மெகாஹெர்ட்ஸை 10 ஹெர்ட்ஸாக இறக்கிப் பார்ப்பதால் நேர வித்தியாசம் பத்து லட்சம் மடங்கு பெரிதாகத் தெரியும், ஆக 10 பிகோ விநாடி ஆசிலேட்டர் மேல் பழியாக விழும். 10 கிலோ ஓம், 104 இருந்த இடத்தில் 1 கிலோ ஓமும் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரும் போடுங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உங்களுக்குப் பக்கம்தானே! தரைக்குப் போகும் 103 மட்டும் செராமிக்காகவே இருக்கட்டும், அது நகர்ந்தாலும் 10 ஹெர்ட்ஸுக்குத் தெரியாது.

கவுண்டருக்கு நேரே கொடுக்காதீர்கள். 10 ஹெர்ட்ஸ் அலை சோம்பலாக ஏறும், நடுவில் வரும் சின்ன இரைச்சலையும் கவுண்டர் எண்ணிவிடும். இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றில் ஏற்றி, பிறகு அலையைச் சட்டென ஏறும் சதுர அலையாக்கும் கம்பாரேட்டர். மிக்சர் வாயையும் அந்த 104 இடத்தையும் முதலில் மாற்றிவிட்டு, மதிய கிராஃபை அனுப்புங்கள்.