எலுமிச்சை மஞ்சளாவதற்குத் தெளிப்பு மருந்தா, சோப்புத்தூளா?

கேள்வி: அரவக்குறிச்சி பக்கம் தோட்டத்து வீடு. ஆழ்குழாயில் தண்ணீர் குறைந்ததால் இரண்டு வருடமாக வாஷிங் மெஷின் தண்ணீர், குளியல் தண்ணீர் எல்லாம் மரங்களுக்குத்தான் போகிறது. தென்னைக்கு ஒன்றும் ஆகவில்லை. எலுமிச்சையில் மட்டும் கொழுந்து மஞ்சளாகி, நரம்பு பச்சையாக நிற்கிறது. கடையில் கொடுத்த நுண்ணூட்டம் தெளித்தால் பச்சை திரும்புகிறது, அடுத்த கொழுந்து மறுபடி மஞ்சள். வேறு என்ன மருந்து அடிக்கலாம் ஐயா?

பதில்: வணக்கம் அம்மா. அது இரும்புச்சத்துக் குறைபாடு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். அதற்கு மேல் விலை கொடுத்து எதையும் வாங்காதீர்கள். ஆனால் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் எடுக்க முடியாதபடி காரத்தன்மை ஏறியிருக்கிறது என்றே நினைக்கிறேன். வீட்டில் என்ன சோப்புத்தூள், எவ்வளவு போடுகிறீர்கள் என்று எழுதவில்லையே!

தூளில் அழுக்கெடுக்கும் சரக்கு கொஞ்சம்தான். சலவைச் சோடா, சோடியம் சல்பேட் மாதிரி சோடியம் உப்புகளே நிறைய. கடினத் தண்ணீரில் நுரை வராது, இன்னொரு கரண்டி அள்ளிப் போடுவோம். அந்தச் சோடியம் முழுக்க மரத்தடியில் சேர்ந்து, மண்ணைப் பொலபொலப்பாக வைத்திருக்கும் சுண்ணாம்புச் சத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஈரத்தில் மண் குழையும், காய்ந்தால் ஓடாகும். திருச்சி மணிகண்டம் பக்கத்துக் களர் நிலத்திலும் இதே கோளாறுதான். தென்னை உப்பு தாங்கும், எலுமிச்சை தாங்காது.

எலுமிச்சைப் பாத்தியிலிருந்து காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து, மழைத்தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டம்ளரில் மெதுவாகப் போடுங்கள். கலக்க வேண்டாம். கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கல் பரவி, மறுநாளும் தெளியாமல் நின்றால் சோடியம்தான் காரணம். அப்புறம் மண்ணையும் ஆழ்குழாய்த் தண்ணீரையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, சோடியத்தை விரட்டிச் சுண்ணாம்புச் சத்தைத் திருப்பித் தரும் ஜிப்சம் எவ்வளவு தேவை என்று கேளுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் இட்டுக் கொத்திவிட்டால் சோடியத்தை மழை கீழே இறக்கிவிடும்.

கழிவுநீரைச் சுத்தமாக்கும் நுண்ணுயிர்க் கலவை என்று கடையில் அடுத்ததாக ஒரு கேனை நீட்டுவார்கள். நாற்றமும் பிசுக்கும் குறையலாம். சோடியத்தை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது. தெரிந்தே அதை உப்புக்கு மருந்து என்று விற்பது பகல் கொள்ளை.

சோப்பும் உப்பும் பெரும்பாலும் மெஷினின் முதல் தண்ணீரில்தான் வெளியேறும். வீணாகிறதே என்று பார்க்காமல் அதைச் சாக்கடைக்கே விடுங்கள். அலசும் தண்ணீரும் குளியல் தண்ணீரும் மரத்துக்குப் போகட்டும், நடுநடுவே நல்ல தண்ணீரும் பாயட்டும். தூளைப் பாதியாகக் குறையுங்கள், முடிந்தால் திரவ சோப்புக்கு மாறுங்கள். தொட்டியில் ஒரு நாளுக்கு மேல் தேக்க வேண்டாம், நாறிவிடும். கீரைப் பாத்திக்கு மட்டும் இந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.